மூன்று வருடப் பட்டம்

பேசுகிறவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நின்றுகொள்வார். கைகள் இரண்டும் முன்னால் கோத்திருக்கும். பார்வை நீதிபதியின் மேசையிலும் இருக்காது, சாட்சியின் முகத்திலும் இருக்காது. எதிரே தரையில் யார் காலும் படாத ஓர் இடத்தைப் பார்த்து அங்கே வைத்துவிடுவார். சாட்சி வாய் திறந்ததும் இவருடைய உதடும் அசையத் தொடங்கும். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் முதல் பாதியை நீதிமன்றத்தின் மொழியில் போட்டிருப்பார். அவர் அழுதால் இவர் அழமாட்டார். அவர் கத்தினால் இவர் கத்தமாட்டார். ஆனால் அவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். "நான் அந்தக் கடைக்குள்ள போகவே இல்லைங்க" என்று ஒரு லாரி ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டால், அந்தக் கணம் இவரும் கடைக்குள் போகாதவர்தான்.

தொழில் விதி அது. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அதனால் ஒரே வாரத்தில் திருடனாகவும், திருட்டுக் கொடுத்தவராகவும், அடித்த கணவனாகவும், அடி வாங்கிய மனைவியாகவும் இருந்துவிட்டு வீடு திரும்புவார். தன்னைப் பற்றி ஏதாவது சொல்ல நேர்ந்தால்தான் சங்கடம். 'நான்' ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது. தன்னை யாரோ மூன்றாம் மனிதரைப்போல் குறிப்பிட வேண்டும். "மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை." "மொழிபெயர்ப்பாளர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறார்."

தாழ்வாரத்தில் காத்திருக்கும் தமிழர்கள் அவரைக் கோர்ட்டக்கா என்பார்கள். பெயர் கேட்பதில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கறுப்புக் கோட்டு, சத்தமில்லாத ரப்பர் அடிச் செருப்பு, தோள்பையில் வெந்நீர்க் குப்பி, சட்டைப் பையில் தொண்டை மாத்திரை. கூட்டத்தில் இருந்தால் கண்ணில் படமாட்டார். கண்ணில் படாமல் இருப்பதுதான் அந்த வேலையில் கெட்டிக்காரத்தனம். அதில் அவரை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

தொழில் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் ஓடினால் உதடு தானாக மொழிபெயர்க்கும். ஒருமுறை கணவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் என்ன தொந்தரவு என்று கேட்க, கணவர் கூச்சத்தோடு தமிழில் சொல்ல, இவர் சற்றும் தயங்காமல், "எனக்குப் பதினைந்து நாளாக மூலம், உட்கார முடியவில்லை" என்று எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் இவரைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கதையைக் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவரிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. நடு மாடியில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் பெண்ணும், லிஃப்டுக்குள் சண்டை போட்டுக் கதவு திறப்பதற்குள் சமாதானமான பங்காளிகள் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிடுவார். மகள் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் கல்லூரிக் கதைகளைக் கொட்டுவாள். கோர்ட்டக்கா மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். கதையில்லாமல் இல்லை. அந்த மேசையிலேயே பெரிய கதைகள் அவரிடம்தான் இருந்தன. வெளியே ஒரு வார்த்தை விடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தவர். கணவர் கேட்பார்.

"என்னம்மா, இன்னைக்கு யாரு?"

"ஒண்ணும் விசேஷமில்லைங்க. குழம்பு போட்டுக்குங்க."

இத்தனை வருடத்தில் அவருடைய நாள் எப்படிப் போனது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அம்மா பேச்சுக் குறைவு என்று உறவில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. பகல் முழுக்கப் பேசியே பிழைக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர்.

எல்லாவற்றையும் தாங்கி வந்தவரை ஒரு வழக்கு ஆட்டிவிட்டது.

துணி ஆலையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். கணவன் இறந்துபோனவன். பள்ளியில் அப்போதுதான் சேர்த்திருந்த ஒரே மகள். குழந்தை முழங்காலில் சிராய்ப்போடு பள்ளிக்குப் போயிருக்கிறாள். எப்படிப் பட்டது என்று ஆசிரியை கேட்க, பேச்சோடு பேச்சாக அந்த ஊர் மொழியில் அவள் சொல்லியிருக்கிறாள்: "சாப்பிடலைன்னா கொன்னுடுவேன்னு அம்மா சொன்னாங்க." பள்ளி குழந்தை நல அலுவலகத்துக்குத் தெரிவித்தது. அன்று மாலை தாய் பள்ளி வாசலுக்குப் போனபோது குழந்தை அங்கே இல்லை.

விசாரணையில் அலுவலகத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "உன்னைக் கொன்றுவிடுவேன் என்று உங்கள் குழந்தையிடம் சொன்னீர்களா?"

கோர்ட்டக்கா தமிழில் கேட்டார். தாய் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"சொல்லியிருப்பேங்க. சாப்பிட அடம்பிடிச்சா சொல்றதுதானே."

"சொல்லியிருப்பேன். சாப்பிட மறுத்தால் வழக்கமாகச் சொல்வதுதான்" என்று கோர்ட்டக்கா நீதிமன்றத்தின் மொழியில் சொன்னார். சொல்லும்போதே தெரிந்தது, அந்த மொழியில் அது எப்படி விழுகிறது என்று. ஒரு சொல்லைக்கூட அவர் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஆனாலும் தமிழில் ஓர் அம்மாவின் அலுப்பாக இருந்தது அந்த மொழியில் வாக்குமூலமாகிவிட்டது. பதிவாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கோர்ட்டக்கா தரையிலிருந்து கண்ணை எடுத்தார். கை தூக்கினார்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் அளிக்க அனுமதி கேட்கிறார்."

நீதிபதி கடுமையானவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் சொற்களைத் தந்தால் போதும். விளக்கம் தேவைப்பட்டால் வழக்கறிஞர் கேட்பார்."

தாயின் வழக்கறிஞர் அன்று காலையில்தான் அந்த வழக்குக்கு நியமிக்கப்பட்டவர். நல்ல மனிதர், தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை அவர் எப்படிக் கேட்பார்? கோர்ட்டக்கா மறுபடி தரையைப் பார்த்தார். விசாரணை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

வெளியே தாழ்வாரத்தில் அந்தத் தாய் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்களும் நம்ம மொழி பேசறவங்கதானே? கொன்னுடுவேன்னா கொல்றதா? நீங்க எனக்காகப் பேசறீங்கன்னுல்ல நெனச்சேன். கொலைப் பேச்சை நீங்களே என் வாயில போட்டுட்டீங்களே."

வழக்கில் உள்ளவர்களோடு தனியாகப் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. கோர்ட்டக்கா கோட்டுக் கையை விடுவித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கீழே போனதும் குப்பியைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தை வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் இருந்த மாதங்களில், வாரம் ஒருமுறை தாய் வந்து பார்க்கலாம் என்று உத்தரவாகியிருந்தது. அலுவலகத்தில் அதற்கென்று ஓர் அறை. ஓரத்தில் பொம்மை அலமாரி, தரையில் பாய் விரிப்பு, மூலையில் குறிப்பெடுக்கும் அதிகாரி. தாய் என்ன பேசுகிறாள் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கோர்ட்டக்காவை அழைத்தார்கள். முதலில் சில வாரங்கள் அவருக்கு ஒரு பக்க வேலைதான். தாயும் மகளும் தமிழில் பேசுவார்கள், இவர் அதிகாரிக்குச் சொல்வார். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு தாயின் காதுத் தோட்டைத் திருகுவாள்.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. குழந்தையின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. தாய் தமிழில் கேட்பாள், மகள் அந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். துணி ஆலையில் கற்ற அரைகுறை மொழி தாய்க்குப் பற்றவில்லை. ஒருநாள் குழந்தை எதையோ நீளமாகச் சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய்க்குப் புரியவில்லை. தாய் திரும்பிக் கோர்ட்டக்காவைப் பார்த்தாள். குழந்தையும் திரும்பிப் பார்த்தாள்.

விதி விதிதான். கோர்ட்டக்கா 'நான்' என்று தொடங்கினார்.

"நான் இப்ப ராத்திரி அழறதில்லைம்மா. அந்த வீட்டு நாய் என் கட்டில் கிட்டயே படுத்துக்குது."

தாய் அழவில்லை. யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"என் புள்ள சொல்றதை எனக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அதையும் அவர் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

குளிர் முடிவதற்குள் குழந்தை தாயிடம் திரும்பிவிட்டாள். வேறொரு வழக்கறிஞர் வந்தார், வேறொரு விசாரணை நடந்தது. கேட்க வேண்டியதை யாரோ ஒருவர் கேட்டார். அன்றைக்கு மொழிபெயர்த்தது கோர்ட்டக்கா அல்ல. தாழ்வாரத்தில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கப்பியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கோர்ட்டக்கா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் வக்கீலுக்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

கணவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "யாரு?" என்று கேட்டார். இவர் யாரையோ மொழிபெயர்க்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"நான்தாங்க."

இப்போது நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஏன், என்ன திடீரென்று என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்று அவருக்குத் தெரியும்.

"வேலையை விட்டுடுவியா?"

"இல்லை. சாயங்கால வகுப்பு இருக்கு."

"ம்" என்றார். கப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நான் இத்தனை பேரை மேல ஏத்தி இறக்கியிருக்கேன், எவனும் என்கிட்ட என்ன டிகிரின்னு கேட்டதில்லை. உன்கிட்ட கேப்பாங்க" என்றார்.

கேட்டார்கள். அந்த நாட்டில் சட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். அவரிடம் இருந்தது. கடல் தாண்டி வருவதற்கு முன், பிறந்த நாட்டில் வாங்கிய தாவரவியல் பட்டம். கல்யாணச் சேலையோடு சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தது. பட்டம் செல்லுமா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டு நிறுவனம் இருந்தது. சான்றிதழை நாம் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். கல்லூரியே மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, நேராக அனுப்ப வேண்டும்.

ஊரில் அண்ணன் இருந்தார். மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், முழங்கால் வலிக்காரர். தங்கையை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏம் பாப்பா, நம்ம வயசுக்கு அவனவன் முட்டிக்கு மருந்து தேடுறான். நீ மார்க் ஷீட்டு தேடுறியே" என்றார் தொலைபேசியில். ஆனாலும் மறுநாளே கிளம்பிவிட்டார்.

கல்லூரியில் பழைய பதிவேடுகள் இருந்த அறையின் சாவி ஓர் ஊழியரிடம். ஊழியர் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அண்ணன் திரும்பினார். அடுத்த முறை ஊழியர் இருந்தார், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாநாட்டுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை எல்லாரும் இருந்தார்கள், மின்சாரம் மாலையில்தான் வந்தது. "நான் வேலையில இருந்தப்ப போன கரண்டுக்கெல்லாம் சேர்த்து என்னைப் பழிவாங்குறாங்க பாப்பா" என்று அண்ணன் புலம்பினார். ஒருவழியாக உறை போய்ச் சேர்ந்தது. ஒட்டிய இடத்தில் போட வேண்டிய கையெழுத்தை முகவரிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மதிப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது.

அண்ணனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை கோர்ட்டக்காவுக்கு. எப்படியோ சொல்லிமுடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தார்.

"அன்னைக்கு நீ சட்டம்தான் படிக்கணும்னு அழுதப்ப, பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குன்னு அப்பா சொன்னாரு. நான் பக்கத்துல நின்னுட்டு வாயத் திறக்கலை" என்றார் அண்ணன். "போறேன் விடு. நாளைக்கே போறேன். அங்கயே உக்கார்ந்து அவங்க எச்சில் தொட்டு ஒட்டுறதைப் பார்த்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

இதற்கிடையில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வைக் கோர்ட்டக்கா எழுதி முடித்திருந்தார். அது அவருக்குக் கஷ்டமாக இல்லை. கட்டுரையில்தான் மாட்டிக்கொண்டார். நான் யார், ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். மகளிடம் காட்டினார். மகள் இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா, இதுல நீதி இருக்கு, சமத்துவம் இருக்கு, சமுதாயம் இருக்கு. ஊர்ல இருக்கிற எல்லாரும் இருக்காங்க. நீ எங்க?"

"நான்தானே எழுதியிருக்கேன்?"

"அது தெரியலையே. ஏதோ ஒரு கேஸ்தானே உன்னை இப்படி ஆக்கிச்சு? போன குளிர்காலம் பூரா நீ சரியாவே சாப்பிடலை. அதை எழுதும்மா. படிக்கிறவங்க உருகிடுவாங்க. கண்டிப்பா சீட்டு கிடைக்கும்."

"அது என் கதை இல்லைடி."

"பேரை மாத்தி எழுதலாமே."

"பேரை மாத்தினா மட்டும் என்னுதாயிடுமா?" என்றார். நீதியும் சமத்துவமுமாகவே கட்டுரை போய்ச் சேர்ந்தது.

மதிப்பீட்டு அறிக்கை வந்த அன்று அவர் நீதிமன்றத்தில் இருந்தார். மதிய இடைவேளையில் தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் திறந்து பார்த்தார். மதிப்பெண்ணை முதலில் பார்த்தார். அவர் படித்த காலத்தில் அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. அவர் அறுபத்தேழு வாங்கியிருந்தார். துறைத்தலைவர் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். இந்த நாட்டில் அறுபத்தேழு என்றால் தூங்கிவழிந்துகொண்டு எழுதியவர் வாங்குவது. அறிக்கையில் 'சுமார்' என்ற வரிசையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அவர் படித்தது மூன்று வருடம். இந்த நாட்டில் பட்டம் என்றால் நான்கு வருடம். ஆகவே இது முழுப் பட்டம் ஆகாது. மூன்றாண்டுக் கல்லூரிக் கல்வி என்று மட்டும் கொள்ளலாம்.

அப்படியானால் அவர் பட்டதாரியே இல்லை. அத்தனை வருடமும் பட்டதாரி என்று எண்ணிக்கொண்டிருந்த பெண் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. எழுந்து உள்ளே போய், வாடகைத் தகராறு ஒன்றில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் மாறி மாறி 'நான்' ஆனார். குரல் பிசகவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் அறிக்கையை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"மூணு வருஷம் படிச்சா மூணு வருஷம் படிச்சதுதான். அவங்க ஊரு நாலாவது வருஷத்துக்கு நீ என்ன செய்வே?" என்று எரிச்சலோடு சொன்னார். பிறகு, "இத்தோட விட்டுடலாம்னு இருக்கியா?" என்று கேட்டார்.

கோர்ட்டக்கா அவரைப் பார்த்தார். இவர் விட்டுவிட வேண்டும் என்று அவர் விரும்புகிறாரா, வேண்டாம் என்று விரும்புகிறாரா என்று முகத்தில் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. "சட்டக் காலேஜ்ல மேல ஒரு குழு இருக்காம். நேர்ல போய்ப் பேசலாமாம். பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

சட்டக் கல்லூரியின் இரண்டாம் மாடியில் நீள மேசை. மறுபுறம் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த பேராசிரியை. இவர் அறைக்குள் போனதும் கால்கள் தாமாகவே ஒரு நாற்காலிக்குப் பின்னால், இடப்பக்கமாகப் போய் நின்றுவிட்டன. நாற்காலி காலியாக இருந்தது. பேராசிரியை கையைக் காட்டினார். "அது உங்களுக்குத்தான்."

உட்கார்ந்தார். பேசச் சொன்னார்கள்.

"மூன்றாண்டுப் பட்டத்தைத் தகுதியாக ஏற்க வேண்டும் என்று விண்ணப்பதாரர் கேட்டுக்கொள்கிறார்" என்று தொடங்கினார்.

பேராசிரியை நிமிர்ந்தார். "விண்ணப்பதாரர் யார்?"

கோர்ட்டக்காவுக்குக் காது சூடானது. "நான்தான்."

"அப்படியானால் நீங்களே சொல்லுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் குறை இல்லை. ஆனால் இந்த வயதில், இத்தனை வருடம் நீதிமன்றத்தில் இருந்துவிட்டு, எதற்காக இப்போது?"

சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. பாய் விரித்த அறை, நாய், காதுத் தோடு. அதில் ஒரு துரும்பைக்கூட அவர் எடுத்துப் போட முடியாது. வலப்பக்கம் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றார் கோர்ட்டக்கா கடைசியில். "சின்ன வயதில் சாப்பிடவே மாட்டாள். தட்டைத் தள்ளிவிடுவாள். கொன்றுவிடுவேன் என்று நான் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் அம்மா என்னிடம் சொன்னார்கள். எங்கள் மொழியில் ஓர் அம்மா சோற்றை ஊட்டிக்கொண்டே அதைச் சொல்வாள். சொன்ன வாயாலேயே அடுத்த நிமிடம் முத்தம் கொடுப்பாள். என் மகள் அதைப் பள்ளியில் போய்ச் சொல்லவில்லை. அது என் அதிர்ஷ்டம். சொல்லியிருந்தால் யாராவது அதை இந்த மொழியில் அப்படியே எடுத்துச் சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். நான் மகளை இழந்திருப்பேன்." நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டார். "அந்த நேரத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்க யாராவது வேண்டும். சொல்லை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. கேட்க உரிமை உள்ளவராக நான் இருக்க ஆசைப்படுகிறேன்."

அறையில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பேசும்போது தான் தரையைப் பார்க்கவில்லை என்பதை வெளியே வந்து படியிறங்கும்போதுதான் உணர்ந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

விதியை அவர்கள் தளர்த்தவில்லை. நான்காவது வருடத்தை எங்காவது ஒரு கல்லூரியில் படித்துத் தேறி வரட்டும், அதுவரை ஓர் இடம் அவருக்காக வைக்கப்படும் என்று முடிவானது. பாதி திறந்த கதவு. அண்ணனுக்குச் சொன்னார். "நாலு தடவை நடந்தேனே, நாலு வருஷமாக் கணக்கு வெச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார் அண்ணன். சிரித்தார்.

நகரக் கல்லூரியில் மாலை வகுப்பு. முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. மாணவர்கள் அவரை ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்ததும் மறுபடி இரைச்சல். பக்கத்தில் இருந்தவள் அவருடைய மகளைவிடச் சின்னவள். பேனா இரவல் கேட்டாள்.

வகுப்பு விட்டு வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை. கணவர் வேலைக்குப் போகும் வேனை வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். பின்னால் இரும்புக் கயிற்றுச் சுருள்களும் கருவிப் பெட்டியும். கோர்ட்டக்கா ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கணவர் வண்டியை எடுத்தார். வழக்கமான கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை.

முதல் சிக்னலில் கோர்ட்டக்கா வாய் திறந்தார்.

"அந்த வாத்தியார் இருக்காரே, சின்னப் பையன்தான். தர்க்கம் சொல்லித்தர்றார். முதல் கேள்வியே என்னைக் கேட்டுட்டாருங்க."

"ம்."

"எந்திரிச்சேன். நீங்க இதை ஒத்துக்கிறீங்களான்னு கேட்டாரு. ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன்!"

"வாத்தியார்கிட்டயேவா?"

"ஆமாங்க. ஏன்னு கேட்டாரு. சொன்னேன். பக்கத்துல ஒரு பொண்ணு, நம்ம பொண்ணை மாதிரியே நகத்தைக் கடிச்சிட்டு உக்கார்ந்திருக்கா, அவ எந்திரிச்சு இந்த ஆன்ட்டி சொல்றது தப்புங்கிறா. எனக்கு விட மனசு வரலை. இல்லம்மா, நீ இப்படிப் பாருன்னு..."

பாலம் வந்தது, போனது. மருந்துக்கடை வந்தது, போனது. கணவர் இடையிடையே "ம்" கொட்டினார். ஓரிடத்தில் சிரித்தார். இன்னோர் இடத்தில் மெதுவாகப் போகும் லாரியை முந்தாமல் அதன் பின்னாலேயே போனார். பின்வரிசையில் தூங்கிய பையனைப் பற்றி, கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த வட்டங்களைப் பற்றி, தன் குரல் அந்த அறையில் தனக்கே எப்படிப் புதிதாகக் கேட்டது என்பதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

தெரு திரும்பியது. வீட்டில் விளக்கு எரிந்தது. கணவர் வேகத்தைக் குறைத்து வாசல் பக்கமாக வண்டியைத் திருப்பப் போனார். கோர்ட்டக்கா பேச்சை நிறுத்தவில்லை. வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாதி வாக்கியத்தில் வலது கையை மட்டும் தூக்கி, போங்க, நேராப் போங்க என்று முன்னால் வீசிக் காட்டினார்.